பேட்டரியில் மட்டும் மெதுவாகும் மடிக்கணினிக்கு ராம் விற்கிறார்கள், ஜாக்கிரதை

சார்ஜரைச் செருகினால் நன்றாக ஓடுகிறது, கழற்றினால் படுத்துவிடுகிறது என்று மடிக்கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என் கணினியின் தொல்லையும் அதுதான். வயரை உருவிய சில நொடிகளில், தட்டச்சு செய்த எழுத்து திரைக்கு வருவதற்கே தவம் கிடக்க வேண்டும். கணினிக்குள் என்ன நடக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் வேகம் 0.39 கிகாஹெர்ட்ஸில் அசையாமல் நிற்கும். ராம் என்கிற தற்காலிக நினைவகம் பாதிகூட நிரம்பியிருக்காது. வயரைச் செருகியதும் வேகம் 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிவிடும். சர்வீஸ் சென்டர் மேசையிலேயே இதைச் செய்து காட்டினேன். அங்கிருந்தவர் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ராம் போதவில்லை சார். ஏற்றிவிட்டால் பறக்கும்" என்றார்.

"அப்படியானால் சார்ஜரில் மட்டும் எப்படி ஓடுகிறது?"

"அது அப்படித்தான் சார்."

வயரைப் பிடுங்கினால் ராம் குறைந்துவிடுமா? வைரஸ் என்றே வைத்துக்கொண்டாலும், அது சார்ஜரைப் பார்த்துப் பயந்து ஒதுங்குமா? பேட்டரியைச் சோதித்துச் சொன்னால் போதும், கேட்காமல் எதையும் மாற்றக்கூடாது என்று அவர்கள் படிவத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பப் போனபோது ராமும் ஏற்றியிருந்தார்கள், 'புதிய' பேட்டரியும் போட்டிருந்தார்கள். பணம் கட்டினால்தான் கணினி கைக்கு வரும் என்று பில்லை நீட்டினார்கள். வீட்டில் வயரை உருவினால் பழைய கதைதான், அதே 0.39.

விண்டோஸிலேயே பேட்டரியின் ஜாதகம் இருக்கிறது. கட்டளைகளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட் திரையில் 'பவர்சிஎஃப்ஜி' என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று சேர்த்து அடித்தால் ஓர் அறிக்கை உருவாகும். அந்தப் 'புதிய' பேட்டரியின் வடிவமைப்புக் கொள்ளளவு 50,000 மில்லிவாட் மணி, முழு சார்ஜில் பிடிப்பதோ 29,000 சொச்சம். சார்ஜ் சுழற்சி, அதாவது முழு சார்ஜ் அளவுக்கு ஏறித் தீர்ந்த தடவைகள், 400-ஐத் தாண்டியிருந்தது. யாரோ உழைத்துத் தேய்த்த பேட்டரி! அறிக்கையைக் காட்டினேன். "விண்டோஸ் சும்மா எதையாவது காட்டும் சார்" என்றார்கள்.

உண்மையில் நடப்பது இதுதான். சார்ஜர் இல்லாதபோது பிராசஸர் கேட்கும் மின்சாரம் முழுவதையும் பேட்டரியே தர வேண்டும். தேய்ந்த செல்களில் உள்மின்தடை கூடிவிடுவதால், சுமை ஏறியதும் மின்னழுத்தம் சரிகிறது. கணினி பொசுக்கென்று அணைந்துவிடாமல் இருக்க, கணினிக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேர், பிராசஸரின் கழுத்தைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. இதற்கு எத்தனை ராம் போட்டாலும் பயனில்லை.

நல்ல பேட்டரியிலும் வேகம் ஓரளவு குறையும், அது பழுதல்ல. விளையாட்டுக்கான மடிக்கணினிகளில் இது நன்றாகவே தெரியும். அவற்றின் அடாப்டர் 200 வாட்டுக்கு மேலும் தரும். பேட்டரியோ பொதுவாக 100 வாட் மணியைத் தாண்டாது, விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோக அதுதான் வரம்பு. 200 வாட் வீதம் உறிஞ்சினால் அரைமணி நேரத்தில் காலியாகிவிடும் என்பதால் தயாரிப்பாளர்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். சார்ஜ் குறைந்ததும் தானாக இயங்கும் பேட்டரி சேவரும் (புதிய விண்டோஸில் எனர்ஜி சேவர்), செட்டிங்ஸில் இருக்கும் பவர் மோடும் இதில் சேர்த்தி. அவற்றை நாமே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் 0.39 என்பது சிக்கனக் கணக்கில் வராது.

கடைசியில் தயாரிப்பு நிறுவனத்தின் அசல் பேட்டரியை வேறிடத்தில் வாங்கிப் போட்டதும் தொல்லை தீர்ந்தது. முதல் கடைக்காரர்கள் நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு ராமைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பேட்டரிப் பணம் இன்னும் வரவில்லை, பில்லையும் அந்த பேட்டரி அறிக்கையையும் இணைத்து நுகர்வோர் புகார் அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் கொடுக்குமுன் ஓர் அறிக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாங்கும்போது கடையிலேயே இன்னொன்று எடுங்கள். சுழற்சி எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் மட்டும் நம்பிவிட வேண்டாம், பேட்டரிச் சில்லில் அதை அழித்தெழுதுகிறவர்களும் உண்டு. வயரை உருவி, அவர்கள் கண்முன்னே பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். கழற்றிய பழைய பேட்டரியையும் கேட்டு வாங்குங்கள். எனக்கு அதைத் தரவே இல்லை. அது இப்போது யாருடைய கணினியில் 'புதிதாக' உட்கார்ந்திருக்கிறதோ!