மூடாக்கு முதலில், பழம் அப்புறம்: செட்டிநாட்டுச் சரளை மண்ணில் எதை நடலாம்?

கரண்ட் இணைப்பு இல்லாத நிலத்தில் பழத்தோட்டம் போட நினைப்பவர்கள் நேராக நர்சரிக்குப் போய் வாழையா பப்பாளியா, மாவா சீத்தாவா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறார்கள். மண்ணின் மேல் இலை தழை பரப்பி ஈரம் காக்கிற மூடாக்கைப் பற்றிய யோசனை கன்று நட்டு வெயில் ஏறிய பிறகுதான் வருகிறது. காரைக்குடி, திருமயம், திருப்பத்தூர் பக்கத்துச் செம்புறாங்கல் பூமியில் இந்த வரிசை தலைகீழ் என்பது என் கட்சி. எந்தப் பழம் தாங்கும் என்பதை மூடாக்குதான் தீர்மானிக்கிறது.

காரணம் தண்ணீர்க் கணக்கு. சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழை. ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 36 லட்சம் லிட்டர் வருகிறது. குறைவே இல்லை. ஆனால் அதில் பெரும்பகுதி ஆவணிக்கும் கார்த்திகைக்கும் இடையில் கொட்டிவிட்டுப் போய்விடும். தை முதல் ஆனி வரை கோடை மழை ஒன்றிரண்டு விழுந்தால் லாபம். சரளை மண்ணோ தண்ணீரைப் பிடித்து வைக்காது. சில இடங்களில் இரண்டு மூன்று அடிக்குக் கீழே செம்புறாங்கல் பாறையாகவே கிடக்கும், வேர் அதற்கு மேல் இறங்கவும் திணறும்.

சோலார் பம்பைப் பற்றி ஒரு வார்த்தை. விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமாக இருக்கும் மாநிலத்தில் சோலார் எதற்கு என்று கேட்பார்கள். இணைப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்களைக் கேட்டால் தெரியும். சித்திரை வெயிலில், செடிக்குத் தண்ணீர் அதிகம் வேண்டிய நேரத்தில், பம்பும் நன்றாக ஓடும். அது நல்ல பொருத்தம். ஆனால் அதே சித்திரையில்தான் போரிலும் கிணற்றிலும் ஊற்று குறைந்து கிடக்கும். பேனலைக் கூட்டினால் ஊற்று கூடாது. பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர் போன சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) காரைக்குடியிலேயே இருந்தாலும், தோட்டத்துக்கு பேட்டரி வாங்கச் சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தில் பெரிய தொட்டி கட்டிப் பகலில் ஏற்றி வைப்பது மேல். தொட்டியை பத்தடி உயரத்தில் வைத்தால் அழுத்தம் 0.3 பார்தான் கிடைக்கும். ஒரு பார் கேட்கிற சொட்டுவான்களை அதில் மாட்டிவிட்டுத் தண்ணீர் வரவில்லை என்று குழாயைக் குறை சொல்லக் கூடாது. நுண்குழாய் போதும்.

சரி, மூடாக்குக்கு வருவோம். முதலில் நேப்பியர் புல். வெட்ட வெட்ட வளரும், மாதக்கணக்கில் தழை கொட்டும் என்று இதைத்தான் பலரும் பரிந்துரைக்கிறார்கள். தண்ணீர் தாராளமாக உள்ள இடத்தில் உண்மை. இங்கே அதற்கு வாரம் பத்து நாளுக்கு ஒரு தண்ணீர் கொடுக்க வேண்டும், உரமும் நிறைய இழுக்கும். பழ மரத்தின் ஈரத்தைக் காக்க ஒரு பயிர் வைத்து, அந்தப் பயிருக்கே பழ மரத்தின் தண்ணீரைக் கொடுப்பது என்ன கணக்கு? மாடு இருந்தால் தீவனத்துக்காக நாலு வரிசை வையுங்கள். மூடாக்குக்கென்று வேண்டாம்.

தழைக்காக வெட்டுகிற கிளைரிசிடியா மரம் இதற்கு நேர் எதிர். முதல் ஆண்டைத் தாண்டிவிட்டால் மழையை வைத்தே பிழைத்துக்கொள்ளும். வேலியோரம் முழுக்க நடலாம், இடுப்பளவில் வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும், தழையில் தழைச்சத்து அதிகம். குறை இரண்டு உண்டு. அதன் இலை மூன்று நாலு வாரத்தில் கரைந்து மண்ணோடு போய்விடும். உரமாக நல்லது, போர்வையாக நிற்காது. அதனால் இலையை மட்டும் உருவாமல் பச்சைக் கொம்பையும் சேர்த்து நறுக்கிப் போட வேண்டும். இன்னொன்று, வறட்சி நீண்டால் அதுவே இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். மாசியில் வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் வெறும் குச்சிதான் கிடைக்கும். மார்கழி முடிவதற்குள் பெரிய வெட்டை முடித்துவிடுவது நல்லது. போத்து (வெட்டிய கிளை) நட்டு வளர்ப்பது சுலபம் என்று எல்லோரும் அதையே செய்கிறார்கள். போத்தில் வரும் மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. சரளையில் வறட்சி தாங்கவும் காற்றில் நிற்கவும் விதைக் கன்றே மேல். வளர ஆறு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை.

என் ஓட்டு கொளுஞ்சி என்கிற பசுந்தாள் உரச் செடிக்கு. தரிசில் தானாக முளைத்துக் கிடப்பதால் அதற்கு மரியாதை இல்லை. மெதுவாகத்தான் வளரும், 45 முதல் 60 நாளில் பூத்து நிற்கும் இன்னொரு பசுந்தாள் செடியான சணப்போடு ஓட்டப்பந்தயம் வைத்தால் தோற்றுப்போகும். ஆனால் சணப்புக்கு முளைத்து எழுந்திருக்க நல்ல மழை வேண்டும், தக்கைப்பூண்டுக்கு அதைவிட அதிகமாக வேண்டும். தக்கைப்பூண்டைத் தண்ணீர் தேங்குகிற கீழ்க்கோடியில் மட்டும் விதைக்கலாம். கொளுஞ்சி சரளையிலேயே வேர் விட்டு, மற்றதெல்லாம் காய்ந்த பிறகும் பச்சையாக நிற்கும். ஒரு முறை விதைத்துக் காய் வெடிக்க விட்டால் அடுத்த மழைக்குத் தானே முளைக்கும். ஏக்கருக்கு ஆறேழு கிலோ விதை போதும். விதைத் தோல் கடினம் என்பதால் மணலோடு சேர்த்துத் தேய்த்தோ, சூடான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டெடுத்தோ விதைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு காரணம் இருக்கிறது: ஆடு. அறுவடை முடிந்ததும் ஊர் ஊராக ஆட்டுக் கிடை நகரும் சீமை இது. வேலி போட ஆகும் செலவு கன்று வாங்குவதை விடப் பல மடங்கு. கிளைரிசிடியா துளிரை ஆடு பழகிவிட்டால் விடாது. “நீங்க எத வேணாலும் வைங்க தம்பி, கொளுஞ்சின்னா எங்க ஆடு மோந்துகூடப் பாக்காது” என்று கிடைக்காரர் ஒருவர் சொன்னார். வேலி இல்லாத நிலத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம். கீழே ஆடு தொடாத கொளுஞ்சி, உள் வரப்புகளில் கிளைரிசிடியா என்று வைத்துக்கொள்ளலாம். புதுக்கோட்டை மாவட்டம் ஒடுகம்பட்டியில், இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரோடு தொடர்புடைய ‘குடும்பம்’ அமைப்பு, பொட்டலாகக் கிடந்த நிலத்தை மரக்காடாக்கியது. அந்தப் பண்ணைக்குப் பெயரே கொளுஞ்சிப் பண்ணை.

விலைக்கு வாங்குகிற மூடாக்கையும் சொல்லிவிடுகிறேன். சிங்கம்புணரியில் கயிறு ஆலைகள் இருப்பதால் தென்னைநார்க் கழிவு நமக்குப் பக்கம்தான். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீர் பிடிக்கும் என்று சொல்லித்தான் விற்பார்கள், அது உண்மையும்கூட. அதுவே அதன் குறையும். சின்னத் தூறல் விழுந்தால் ஈரம் முழுவதையும் அதுவே வைத்துக்கொள்ளும், வேருக்கு எட்டாது. ஆடிக்காற்றில் காய்ந்த கழிவு பறக்கும். மக்காததை மண்ணோடு கிளறிவிட்டால் பயிருக்குப் போக வேண்டிய தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும். மேலே பரப்பி, அதன் மேல் தென்னை மட்டை போட்டு அமுக்கினால் முதல் கோடையைத் தாண்டப் பயன்படும். பாலித்தீன் நிலப்போர்வை காய்கறிக்குச் சரி, மரத்துக்கு வேண்டாம்.

எந்த மூடாக்கானாலும் கரையான் வரும், அதுவும் செம்மண்ணில் காய்ந்த சருகு என்றால் விருந்துக்கு அழைத்த மாதிரி. மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், வேப்பம் புண்ணாக்கு கொஞ்சம் தூவுங்கள். பங்குனி, சித்திரையில் தீப் பயமும் உண்டு. நிலத்தைச் சுற்றி ஆறடிக்கு வெறும் மண்ணாக வைத்திருப்பது அவசியம்.

இப்போது பழம். வாழைக்கு வெயில் காலத்தில் மரத்துக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 லிட்டர் வேண்டும். நூறு வாழை என்றால் தினம் ஒன்றரை, இரண்டாயிரம் லிட்டர். நாலு மாதக் கோடைக்கு இரண்டு லட்சம் லிட்டருக்குப் பக்கம். அவ்வளவு தண்ணீர் போரில் இருந்தால் நீங்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை. ஆனாலும் செட்டிநாட்டில் வாழை இல்லாத வீடு ஏது? விருந்துக்கு இலை வேண்டும், பூவும் தண்டும் வேண்டும். குளியலறை, அடுப்படித் தண்ணீர் போகும் வழியில் ஏழெட்டுக் கட்டை வைத்தால் வீட்டுக்குப் போதும். தார் வெட்டிய மரத்தை நறுக்கிக் கோடையில் பக்கத்துக் கன்றைச் சுற்றிப் போட்டால், சருகு கொடுக்காத ஈரத்தை அது கொடுக்கும்.

பப்பாளி ஒன்பது பத்து மாதத்தில் காய்க்கும், கைக்குக் காசும் வரும். ஆனால் நடுவதற்கு முன் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி மறுநாள் காலையில் பாருங்கள். தேங்கி நின்றால் கீழே பாறை என்று பொருள். அப்படிப்பட்ட இடத்தில் ஐப்பசி அடைமழையில் பப்பாளி தண்டழுகிச் சாய்ந்துவிடும். மேட்டுப்பாத்தி எடுத்து நட முடிந்தால் பத்துப் பதினைந்து வைக்கலாம். 2008-இல் தமிழ்நாட்டுக்குள் வந்து பப்பாளித் தோட்டங்களை அழித்த மாவுப்பூச்சியை, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவிதான் கட்டுப்படுத்தியது. மருந்தடித்தால் அந்தக் குளவியும் சாகும் என்பதை மறக்க வேண்டாம்.

இந்த மண்ணுக்கென்றே அமைந்தது சீத்தா. அதன் குணத்தைக் கவனியுங்கள்: தண்ணீர் அருகிப்போகிற மாசி, பங்குனியில் அது தானாக இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கும். அந்த நேரத்தில் நீங்கள் தண்ணீர் கொடுக்காவிட்டாலும் கேட்காது, உதிர்ந்த இலை அதன் காலடியிலேயே மூடாக்காகிவிடும். ஆடும் அதன் இலையைத் தின்னாது. சித்திரை வெயிலில் பூத்த பூ பெரும்பாலும் கொட்டிவிடும். மழை தொட்ட பிறகு வரும் பூவில்தான் காய் பிடிக்கும். மகரந்தத்தைச் சுமப்பவை மக்கிய இலையிலும் அழுகிய பழத்திலும் வாழும் சின்ன வண்டுகள். ஆகவே மரத்தடியைப் பெருக்கிச் சுத்தமாக வைக்கிறவருக்குக் காய் குறையும். விற்பனைதான் சிக்கல்: பழுத்தால் இரண்டு நாள் தாங்காது. சந்தை பக்கத்தில் இருந்தால் தைரியமாக வையுங்கள்.

மாவுக்கும் பலாவுக்கும் நடுவில் தேர்வு கேட்டால் ஆழமான மண் இருக்கும் மூலையில் பலா, மற்ற இடத்தில் மா என்பேன். ஒட்டு மா மூன்று நாலு ஆண்டில் காய்க்கும், வேர் இறங்கிவிட்டால் வறட்சியைத் தாங்கும். பலாவுக்கு ஆசைப்பட ஆலங்குடிப் பக்கம் வடகாடும் கீரமங்கலமும் போய் வந்தால் போதும். ஆனால் அங்கேயும் 2018 நவம்பர் கஜா புயலில் எத்தனை மரம் சாய்ந்தது என்று கேட்டுவிட்டு வாருங்கள். பாறை மேல் பலா வைத்தால் வேர் பக்கவாட்டில்தான் ஓடும். பலாவை உயரமாக விடாமல் கவாத்து செய்து வளர்ப்பதே இங்கே புத்திசாலித்தனம்.

மயிலுக்கும் பழந்தின்னி வௌவாலுக்கும் ஒரு பங்கு எழுதி வைத்துவிடுங்கள். வெடி போட்டு விரட்டலாம் என்பார்கள். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். அந்த ஊர்ப் பக்கம் தோட்டம் வைத்துவிட்டு வெடி போட முடியுமா? வலைதான் வழி.

டிராகன் பழத்தைச் சொல்லவில்லையே என்பீர்கள். கள்ளி இனம், தண்ணீர் குறைவாகத்தான் கேட்கும், அதில் குறை சொல்ல முடியாது. கல்தூணுக்கும் வளையத்துக்கும் ஆகும் செலவும், 40 டிகிரிக்கு மேல் போகும்போது தண்டு வெந்துபோவதும்தான் யோசிக்க வைக்கின்றன. தூணுக்கு வைத்த பணத்தைக் கண்மாய் வண்டல் மண்ணை நிலத்துக்கு ஓட்டச் செலவழித்து, ஆவணிக் கடைசியில் கொளுஞ்சி விதைத்து, அடுத்த ஆண்டுப் புரட்டாசியில் சீத்தாவும் மாவும் நடுங்கள்.