ரூட் யார் என்று கேட்காத ஸ்விட்ச்

விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். கம்ப்யூட்டர்களை இணைக்கும் இதே 24 போர்ட் கிகாபிட் நெட்வொர்க் ஸ்விட்ச் எங்கள் அலுவலகத்தில் மாடி, கீழ்த்தளம், ஸ்டோர் மூன்றிலும் வருஷக்கணக்காக ஓடுகிறது. மூன்றையும் முக்கோணமாக இணைத்திருக்கிறோம். வேகம், சூடு, சத்தம் எதிலும் குறை இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏசி வேலைக்கு வந்தவர்கள் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவில் ஓடும் கேபிளை அறுத்துவிட்டார்கள். யாருக்கும் தெரியவே இல்லை. மாடி ஸ்விட்ச்தான் அப்போது ரூட், அதாவது மற்ற ஸ்விட்ச்கள் தங்கள் வழியைக் கணக்கிடும் மையம். கீழ்த்தளத்தில், ஸ்டோர் பக்கம் லூப் (டேட்டா சுற்றிச் சுற்றி வருவது) வராமல் அடைத்து வைத்திருந்த ஆல்டர்னேட் போர்ட் (மாற்று வழி) உடனே ரூட் போர்ட்டாக (ரூட்டுக்குப் போகும் வழி) மாறிவிட்டது. லூப்பைத் தடுக்கும் இந்த ஸ்பானிங் ட்ரீ முறையின் பழைய வடிவமாக இருந்தால் கவனிக்க 15, கற்க 15 என்று 30 விநாடி எல்லோரும் காத்திருக்க வேண்டும். ரேடியா பெர்ல்மன் 1985இல் வகுத்த முறை, 2001இல் ரேப்பிட் வடிவம் எடுத்ததன் அருமை அன்றைக்குப் புரிந்தது.

அப்புறம் ஸ்டோர் ஸ்விட்ச்சின் பவர் சப்ளை போனது. சர்வீஸிலிருந்து திரும்பும்வரை பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் ஒன்றை அங்கே மாட்டினார்கள். ஃபைல் காப்பி ஊர்ந்தது. காரணம் இதுதான்: ரூட்டைத் தீர்மானிக்கும் எண்ணான பிரையாரிட்டி எல்லாவற்றிலும் 32768. சிறிய எண்தான் ஜெயிக்கும். சமமாக இருந்தால் சிறிய மேக் அட்ரஸுக்கே (ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ள தனி எண்) வெற்றி. பழைய பெட்டியின் எண் சிறியது, அதுவே ரூட் ஆகிவிட்டது. ஒவ்வொரு கம்பிக்கும் வேகத்தைப் பொறுத்து ஒரு செலவு எண் உண்டு: 100 எம்பிபிஎஸுக்கு 19, கிகாபிட்டுக்கு 4. கீழ்த்தளத்திலிருந்து அதற்கு நேர்வழிச் செலவு 19, மாடி சுற்றிப் போனால் 4ம் 19ம் சேர்ந்து 23. மாடிக்கும் அதே கணக்கு. ஆக இரண்டும் 100 எம்பிபிஎஸ் கம்பியையே ரூட் போர்ட்டாக எடுத்துக்கொள்ள, நடுவிலிருந்த கிகாபிட் இணைப்பு ஒரு முனையில் அடைபட்டது. நல்ல சாலை காலியாகக் கிடக்க, மொத்த வண்டியும் சந்து வழியே போனது. மாடி ஸ்விட்ச்சில் பிரையாரிட்டியை 4096 ஆக்கியதும் சரியானது.

32768 என்பது தரநிலை சொல்லும் எண். பெரும்பாலான கம்பெனிகளும் அதைத்தான் வைக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் செட்டப்பில் பெயர், பாஸ்வேர்டு, நேர மண்டலம் எல்லாம் கேட்கிற பெட்டி, "இதுதான் நடு ஸ்விட்ச்சா?" என்று ஒரு கேள்வி கேட்டால் என்ன? எந்த போர்ட்டுக்கு என்ன ரோல் என்று பார்க்கவும் மூன்று மெனு உள்ளே போக வேண்டும். வருஷக்கணக்காக இந்த எரிச்சல் தீரவில்லை.

நண்பரிடம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். விலை இன்னும் இறங்கினாலும் பதில் அதுதான். எங்களுடைய மூன்றையும் மாற்றும் எண்ணம் மட்டும் எனக்கு இல்லை.