கிராமத்தில் அலுவலகம் கட்டும்போது காசை முதலில் எங்கே போடுவது: மொட்டை மாடியிலா, சுவரிலா, ஏசியிலா?

நகரத்தில் அலுவலகத்தின் மேல் இன்னொரு மாடி இருக்கும், பக்கத்துக் கட்டடத்தின் நிழலும் விழும். கிராமத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் பெரும்பாலும் தரைத்தளத்தோடு நிறுத்திவிடுகிறோம். விளைவு, மொத்தக் கட்டடமும் மொட்டை மாடி வழியாக வெயிலை வாங்குகிறது. மதுரை வட்டாரத்தில் சித்திரை பிறக்கும்போது உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். சுவருக்கு என்ன கல் என்று மாதக்கணக்கில் யோசிப்பவர்கள், மாடிக்கு மட்டும் ‘எல்லாரும் போடுவதையே போடுங்கள்’ என்று சொல்லிவிடுவது வருத்தமான விஷயம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 சதுர அடி, 5 அங்குல கான்கிரீட் தளம். மேற்பரப்பு 60 டிகிரி, உள்ளே 28 டிகிரி. தளம் வெறுமனே இருந்தால் உள்ளே இறங்கும் வெப்பத்தை வெளியேற்றவே ஏறக்குறைய 3.4 டன் ஏசி வேண்டும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் 3 அங்குலம் போட்டுத் தட்டோடு பதித்தால், அதில் மூன்றில் ஒரு பங்குதான் குறையும். வெள்ளைக் குளிர்பூச்சு அடித்து மேற்பரப்பை 43 டிகிரிக்கு இறக்கினால் 1.6 டன். தளத்தின் மேல் 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் பலகை (தண்ணீர் எளிதில் ஏறாத கெட்டி நுரைப் பலகை) விரித்தால் அரை டன்னுக்கும் கீழே. வெப்பம் கான்கிரீட்டில் தங்கிவரும் தாமதத்தைச் சேர்த்தால் எண்கள் கொஞ்சம் மாறும், வரிசை மாறாது.

வெள்ளைப் பூச்சு மலிவு, உடனே பலன் தரும். ஆனால் உழவுப் புழுதியும் செம்மண் தூசியும் படிந்தால் வெண்மை போய்விடும், அதோடு பலனும் போய்விடும். மாசி மாதத்தில் ஒருமுறை பிரஷ் போட்டுக் கழுவ ஆள் இருந்தால் மட்டும் அதை நம்பலாம். எக்ஸ்பிஎஸ் செலவு அதிகம், வேலை வரிசையும் முக்கியம். முதலில் தளத்தில் பாத்தி கட்டி இரண்டு மூன்று நாள் தண்ணீர் நிறுத்திக் கசிவைப் பார்க்க வேண்டும். பிறகு நீர்த்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பலகை, அதன்மேல் ஜியோ துணி எனும் செயற்கை இழை விரிப்பு, பிறகு வாட்டத்தோடு 2 அங்குலக் கலவை, கடைசியில் வெள்ளை ஓடு. கலவையை இடைவெளி விடாமல் ஒரே விரிப்பாகப் போட்டால் வெடிக்கும். கடைக்காரர் பலகைக்குப் பதில் சாதாரணத் தெர்மோகோலைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், பிறகு வெப்பத்தைச் சரியாகத் தடுக்காது.

சோலார் போடும் எண்ணம் இருந்தால் அதன் கால்களுக்கான கான்கிரீட் பீடங்களை நீர்த்தடுப்புக்கு முன்பே எழுப்பிவிடுங்கள். பிற்பாடு வந்து துளை போட்டால் அத்தனை அடுக்கும் வீண்.

ஓட்டுக் கூரை அழகுதான். மயிலும் குரங்கும் நடமாடும் ஊரில் ஓடு நகர்ந்துகொண்டே இருக்கும், தூசியும் கொட்டும். கணினி வைத்து வேலை செய்யும் இடத்துக்கு ஒத்துவராது. இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை அடைத்த பஃப் பேனல் கூரை வெப்பத்தை எக்ஸ்பிஎஸ் அளவுக்கே தடுக்கும், சீக்கிரம் முடியும். ஆனால் ஐப்பசி மழைச் சத்தத்தில் உள்ளே போன் பேச முடியாது. திருகின் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்ததும் ஒழுக ஆரம்பிக்கும்.

அடுத்து சுவர். 9 அங்குலச் செங்கல் சுவர் வாங்கும் வெயில் உள்ளே வந்துசேர ஆறேழு மணி நேரம் ஆகும். மாலை 4 மணிக்கு மேற்குச் சுவரில் அடித்த வெயில் இரவு 10, 11 மணிக்கு உள்ளே வரும். வீட்டில் அது தூக்கத்தைக் கெடுக்கும். அலுவலகத்தில் அந்நேரம் ஆள் இருக்காது. இங்கே தொந்தரவு கிழக்குச் சுவர்தான்: காலை 9 மணி வெயில் பிற்பகல் 3 மணிக்கு, வேலை உச்சத்தில் இருக்கும்போது வந்து நிற்கும். அதனால் கழிப்பறை, ஸ்டோர் ரூம், படிக்கட்டு மூன்றையும் கிழக்கிலும் மேற்கிலும் தள்ளிவிட்டு, வேலை செய்யும் ஹாலை வடக்கு தெற்காகத் திறந்துவையுங்கள். வைகாசி முதல் ஆடி வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். ‘வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேடு எதற்கு’ என்று விட்டுவிடக் கூடாது.

ஏஏசி பிளாக்கா (உள்ளே காற்றுக்குமிழ் நிறைந்த எடை குறைந்த கான்கிரீட் கல்), செங்கல்லா? நாள் முழுக்க ஏசி ஓடுமென்றால் 8 அங்குல ஏஏசி. செங்கல்லோடு ஒப்பிட்டால் அதன் வழியே பாதிக்கும் குறைவான வெப்பமே நுழையும். ஒட்டுப்பசையை 3 மி.மீ. கனத்தில் வைத்துக் கட்ட வேண்டும், தூணோடு சேரும் இடத்தில் கோழிவலை அடித்துப் பூச வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கோட்டிலேயே விரிசல் விழும். பேன் காற்றில் ஓடும் அலுவலகமென்றால் எங்கள் வாக்கு கனமான செங்கல் சுவருக்கே.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ராட் டிராப் எனும் எலிப்பொறிக் கட்டில் செங்கல் கால் பங்கு மிச்சமாகும், நடுவில் காற்றறையும் கிடைக்கும். ஆனால் கோணல்மாணலான சூளைக்கல்லும் பழக்கமில்லாத கொத்தனாரும் சேர்ந்தால், சரிந்து விழும் கலவையே அந்தக் காற்றறையை அடைத்துவிடும். முதல் நான்கு வரிசையைப் பக்கத்தில் நின்று, குனிந்து பார்த்துக் கட்டச் சொல்லுங்கள். அழுத்தி வார்க்கும் மண்கல்லுக்கு 5 சதவீதம் சிமெண்ட் போதும், 28 நாள் ஈரம் காக்க வேண்டும். அதற்குச் செம்மண் வேண்டும். கரிசல் காட்டில் அது சரிப்படாது, வெளியூர் மண்ணை லாரியில் ஏற்றிவந்து செய்வதில் அர்த்தமுமில்லை.

மாடியைச் சரியாகப் போட்டுவிட்டால் ஏசி ஒரு மீட்டிங் அறைக்கும் சர்வருக்கும் போதும். ஹாலில் 75 வாட் பேனுக்குப் பதில் மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ள 30 வாட் பிஎல்டிசி பேன் பத்து மாட்டினால், 9 மணி நேர வேலைநாளில் நாலு யூனிட் மிச்சம். ஊர்க்கோடி லைனில் மதியம் வோல்டேஜ் இறங்கி ஏசி கம்ப்ரஸர் நின்றுபோனாலும் பிஎல்டிசி பேன் சுற்றிக்கொண்டிருக்கும்.

கனமான சுவர் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் கழித்தாக வேண்டும். திருட்டுக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் பூட்டினால் அது உள்ளேயே தங்கும். ஜன்னல் தலைக்கு மேல் வரும் லிண்டலுக்கு மேலே, எதிரெதிர்ச் சுவர்களில் கம்பியும் கொசுவலையும் போட்ட வெண்டிலேட்டர்களை இரவு முழுக்கத் திறந்தே வையுங்கள். வலை கழற்றிக் கழுவும்படி சட்டத்தில் இருக்கட்டும். அறுவடைக் காலத்தில் ஒரே வாரத்தில் தூசும் தும்பும் அதை அடைத்துவிடும்.