கடைவீதி கேமரா பேக்கேஜ்: போலீஸ் கேட்கும் நாளில் தேறுமா?

நாலு கேமரா, படத்தைப் பதிவுசெய்யும் பெட்டியான ஒரு டிவிஆர், 1 டிபி ஹார்ட் டிஸ்க். கோவை, திருப்பூர், ஈரோடு கடைகளில் பெரும்பாலும் மாட்டப்படுவது இந்த பேக்கேஜ்தான். கல்லாவையும் வேலையாட்களையும் பார்த்துக்கொள்ள இது தாராளம். ஆனால் வியாபாரிகள் சங்கமும் ஸ்டேஷனும் பேசி, கடைக்கு ஒரு கேமராவாவது ரோட்டைப் பார்த்து இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்யும் வீதிகளில் கணக்கே வேறு. "அண்ணா, போன வாரம் செவ்வாய்க்கிழமை பதிவு இருக்குங்களா?" என்று ஏட்டு வந்து கேட்கும்போது பயன்பட வேண்டும். அந்த அளவுகோலில் இந்த பேக்கேஜுக்குப் பாதி மதிப்பெண்தான் தரமுடியும்.

முதலில் லென்ஸ். பேக்கேஜில் நாலுமே 2.8 மி.மீ. லென்ஸாக வரும். வீதி முழுக்கத் தெரிவதால் டிவியில் பார்க்க நிறைவாக இருக்கும், ஆள் முகம் மட்டும் தெரியாது. முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது பொதுவாகக் கொள்ளும் அளவு. 2 மெகாபிக்சல் கேமராவின் அகலம் 1920 பிக்சல். அப்படியானால் காட்சி ஏழரை மீட்டருக்கு மேல் விரியக்கூடாது. 2.8 மி.மீ. லென்ஸில் அது 3 மீட்டர் தூரத்திலேயே முடிந்துவிடும், 6 மி.மீ. லென்ஸ் 7 மீட்டர் வரை தாங்கும். வாசலுக்கு 2.8, வண்டி நிறுத்தும் இடத்துக்கு 6 என்று கேட்டு வாங்குங்கள். திருப்பூரில் இது ரொம்ப முக்கியம். சனிக்கிழமை சம்பளத்துக்குப் பேங்கில் பணம் எடுத்து வருகிறவர்களைப் பின்தொடர்ந்து, டேங்க் கவரிலிருந்தோ சீட்டுக்கு அடியிலிருந்தோ எடுப்பதும், பத்து ரூபாய் நோட்டுகளைக் கீழே போட்டுக் கவனத்தைத் திருப்புவதும் வண்டி நிற்கும் இடத்தில்தான் நடக்கும்.

இரவில் நம்பர் பிளேட் என்பது தனி வேலை. புதுவகை பிளேட் ஒளியைத் திருப்பி அடிக்கும், கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு பட்டால் வெறும் வெள்ளைக் கட்டமாகத்தான் பதிவாகும். ஷட்டரை 1/500 நொடிக்கோ அதற்கும் வேகமாகவோ வைத்தால் எழுத்து தெரியும், ஆனால் சுற்றிலும் இருட்டாகிவிடும். எனவே ஒரே கேமராவில் முகமும் பிளேட்டும் எதிர்பார்க்க வேண்டாம். வீதிமுனைக் கடை ஒன்றில் பிளேட்டுக்கென்றே ஒரு கேமராவைச் சங்கச் செலவில் மாட்டுவது நியாயமான வழி.

டிஸ்க்தான் அதிகம் கைவிடுகிறது. 2 மெகாபிக்சல் கேமரா, வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் ஹெச்.265 முறையில் 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) வேகத்தில் பதிவானால் ஒரு நாளுக்கு 21.6 ஜிபி. நாலு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டிபி டிஸ்க் 11 நாளில் நிரம்பி, பழையதன் மேலேயே எழுத ஆரம்பித்துவிடும். பழைய ஹெச்.264 முறையில் 4 எம்பிபிஎஸ் என்றால் 6 நாள்கூட முழுசாக வராது. ஈரோடு ஜவுளிச் சந்தைக்குத் திங்கள் இரவு வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர், ஊர் திரும்பிக் கணக்குப் பார்த்துப் புகார் கொடுக்கும்போது பதிவு அழிந்திருக்கும். கேமரா பதிவுக்கென்றே செய்த 4 டிபி சர்வைலன்ஸ் டிஸ்க் போட்டால் 40 நாளுக்கு மேல் தாங்கும். கம்ப்யூட்டர் டிஸ்க்கைப் போட்டுத்தருகிறார்களா என்று லேபிளைப் பாருங்கள். இடைவிடாமல் எழுதுவதற்கு அது செய்யப்பட்டதல்ல.

டிவிஆரைக் கல்லாவுக்குக் கீழே வைப்பது பெரிய தப்பு. பூட்டை உடைத்து வருகிறவன் பணத்தோடு அதையும் கழற்றிக்கொண்டு போவான். பரண்மேல், பூட்டுள்ள காற்றோட்டமான இரும்புப் பெட்டியில் வையுங்கள். மீட்டர் பெட்டி வெளியே இருந்தால் மெயினை அணைத்துவிட்டு உள்ளே வருவார்கள்; டிவிஆர், கேமரா அடாப்டர், ரவுட்டர் மூன்றும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். வரும்போதே இருக்கும் பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் எஸ்டிக்யூசி (மத்திய அரசின் தரச் சோதனை அமைப்பு) சான்று உள்ள மாடலா என்று பில்லில் எழுதி வாங்கலாம். 2025 ஏப்ரல் முதல் அந்தப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம்.

அடுத்தது கடிகாரம். இணையத்தோடு நேரம் ஒத்துப்போகாத டிவிஆர் சில நிமிடம் முன்னே பின்னே ஓடும்; உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்தால் ஒரு மின்தடைக்குப் பிறகு தேதியே 2000க்குப் போய்விடும். பத்துக் கடைப் பதிவை வரிசையாக வைத்து வண்டி போன வழியைப் பிடிக்கும்போது, ஒரு கடையில் 6 நிமிடம் தப்பினாலும் சங்கிலி அறுந்துவிடும். போலீஸ் கேட்ட பிறகு அவசரமாக நேரத்தைத் திருத்தாதீர்கள். செல்போன் நேரத்துக்கும் டிவிஆர் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதிவைத்து, பதிவை எடுத்த பிறகு திருத்துங்கள்.

பதிவை டிவியிலிருந்து செல்போனில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது ஆளைத் தேட உதவும், கோர்ட்டுக்கு உதவாது. டிவிஆரின் சொந்த ஃபார்மட்டிலேயே பென் டிரைவில் எடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63(4) பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். முதல் பகுதியில் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கையெழுத்து, இரண்டாவதில் நிபுணர் கையெழுத்து, இரண்டிலும் கோப்பின் ஹாஷ் எண் (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும், கோப்பிலிருந்தே கணக்கிடும் எண்). மாடலும் சீரியல் நம்பரும் கேட்பார்கள் என்பதால் பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

வீதியில் ரோந்து வரும் பீட் போலீஸோடு சேர்ந்த வாட்ஸ்அப் குழு இந்த ஏற்பாட்டில் நல்ல பகுதி. வண்டி நம்பர், நிறம், போன திசை, நேரம், இவ்வளவு போதும். சந்தேகத்தில் ஒருவர் முகத்தைப் போடுவது அநியாயம். வேலை தேடி வந்த வெளிமாநிலப் பையன்கள்தான் அதில் அதிகம் அடிபடுகிறார்கள். கண்முன் நடக்கும்போது குழுவில் எழுதிக்கொண்டிருக்காமல் 100 அல்லது 112. போலி யுபிஐ ஸ்கிரீன்ஷாட், கியூஆர் ஸ்டிக்கர் மாற்றி ஒட்டுவது போன்ற பண மோசடிக்கு உடனே 1930.

பராமரிப்பைச் சர்வீஸ்காரரிடம் மட்டும் விடமுடியாது. ஐஆர் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், அதற்குச் சிலந்தி வலை கட்டும், இரவில் படம் முழுக்க வெள்ளைக் கோடு. பனியன் கம்பெனிப் பக்கம் பஞ்சுத் தூசியும் சேரும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஈரமில்லாத மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

மாட்டி முடித்ததும் பகலிலேயே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இரவு கடைவிளக்கை அணைத்துவிட்டு, 6 மி.மீ. கேமராவுக்கு எதிரே ஒரு ஆளை 6 மீட்டரில் நிறுத்தி, ஒரு வண்டியை ஹெட்லைட்டோடு ஓட்டச்சொல்லி, அந்தப் பதிவைப் பென் டிரைவில் எடுத்துப் பாருங்கள். மீதிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.