பெட்டி ஒயின்: ருசியில் குறையில்லை, ஜன்னல்தான் இல்லை

துலூஸுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, அட்டைப்பெட்டியில விக்கிற ரெட் ஒயின் வாங்கலாமா? இல்ல, யாராவது பாத்தா மானம் போயிருமா?"

மானத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். பிரான்ஸின் தென்மேற்கில் அந்தப் பெட்டியைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் குறைவு. ஒயின் பண்ணை வாசலிலேயே அடுக்கிவைத்து விற்கிறார்கள். வாங்கலாமா என்பதற்குத்தான் ஒரு வரியில் பதில் வரவில்லை. சில வருடங்களாகவே என் சமையலறை மேடையில் ஒரு பெட்டி காலியானால் அடுத்தது வந்து உட்கார்ந்துவிடும். அதைப் பற்றிச் சொல்ல நல்லது நிறைய இருக்கிறது, கோபமும் இருக்கிறது. கோபம் போன ஞாயிற்றுக்கிழமையது, இன்னும் சூடு ஆறவில்லை.

நான் வாங்குவது காவோர் என்ற ஒயின் ஊர்ப் பக்கத்துத் திராட்சை விவசாயிகள் கூட்டுறவு ஒன்றின் 3 லிட்டர் பெட்டி. நான்கு பாட்டில் கணக்கு. விலை 15 யூரோவை ஒட்டி ஏறும் இறங்கும். உள்ளே பை, பையில் குழாய். ஒயின் இறங்க இறங்கப் பை சுருங்கும், காற்று உள்ளே போக வழியில்லை. 1965-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் டாம் அங்கோவ் இதற்குக் காப்புரிமை வாங்கியபோது குழாய்கூடக் கிடையாது. பையின் மூலையைக் கத்தரித்து ஊற்றிவிட்டு, மறுபடி கிளிப் போட்டு மூட வேண்டுமாம். அதோடு ஒப்பிட்டால் நான் குறை சொல்லவே கூடாது. சொல்லத்தான் போகிறேன்.

வீட்டில் ஒயின் குடிப்பவன் நான் ஒருவன்தான். பாட்டில் வாங்கினால் முதல் நாள் அமிர்தம், இரண்டாம் நாள் பரவாயில்லை, நான்காம் நாள் குழம்பில் ஊற்றத்தான் லாயக்கு. பெட்டி அப்படியில்லை. திறந்தபின் நான்கு முதல் ஆறு வாரம் என்று அச்சடித்திருக்கிறார்கள். என் நாக்குக்கு மூன்று வாரம் வரை வித்தியாசமே தெரிவதில்லை. அதற்குப்பின் பழவாசனை கொஞ்சம் மங்கும்.

ஆனால் என்னை மயக்கியது விலையுமல்ல, ஆயுளுமல்ல. ஒரே ஒயின் வாரக்கணக்கில் மாறாமல் இருக்கிறது. தட்டில் உள்ள சாப்பாடு மட்டும் தினமும் மாறுகிறது. எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று நான் படித்த புத்தகங்கள் எல்லாம் பத்து ஒயின், பத்து உணவு என்று அட்டவணை போடும். ஒயினும் மாறி, கறியும் மாறினால் எதனால் ருசி கெட்டது என்று யார் கண்டது? இங்கே ஒயின் நகராது. கெட்டால் சாப்பாடு காரணம், சிறந்தாலும் அதுவே காரணம். பாட்டிலில் கற்காததை இந்தப் பெட்டி எனக்குக் கற்றுக்கொடுத்தது.

காவோர் என்றால் மால்பெக் திராட்சை. சட்டப்படி 70 சதவீதமாவது அது இருக்க வேண்டும், மீதி மெர்லோவும் தன்னாவும். அர்ஜென்டினாக்காரர்கள் உலகம் முழுக்கப் பெயர் வாங்கிக்கொடுத்த அதே திராட்சைக்குக் காவோரை ஒட்டி ஓடும் லாட் நதிக்கரைதான் பழைய வீடு. 1956 பனியில் இங்குள்ள கொடிகள் பெரும்பாலும் செத்துப்போய், திரும்ப நட்டு வளர்த்து, 1971-இல்தான் காவோருக்கு முழு மேல்தர அங்கீகாரம் கிடைத்தது. ஒயின் கறுப்பாக இருக்கும், துவர்க்கும். வெறும் வாயில் முதல் மடக்கு குடித்தால், "இதையா காசு கொடுத்து வாங்கினோம்" என்று தோன்றும்.

அதே மடக்கைக் கசூலேயோடு குடித்துப் பாருங்கள். வெள்ளை பீன்ஸ், கொழுப்பிலேயே வெந்த வாத்துக்கால், துலூஸ் தொத்திறைச்சி, பன்றித்தோல், எல்லாம் மண்சட்டியில் மணிக்கணக்கில் அடுப்பில் கிடந்து மேலே பழுப்பு ஆடை கட்டியிருக்கும். இரண்டு கரண்டிக்குமேல் போனால் நாக்கில் கொழுப்பு பூசினாற்போல் ஆகிவிடும். துவர்ப்பின் வேலை அங்கேதான். அது உமிழ்நீரில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வெறும் வாய் வறண்டுபோகிறது. வாயில் இறைச்சியும் கொழுப்பும் இருந்தால் அவற்றோடு மல்லுக்கட்டப் போய்விடுகிறது, நம்மை விட்டுவிடுகிறது. ஒயின் மெத்தென்று ஆகும், வாய் துடைத்ததுபோல் ஆகும், அடுத்த கரண்டிக்கு இடம் வரும். உப்பும் துணை செய்யும். உப்புக் குறைந்த அன்று அதே ஒயின் முரட்டுத்தனம் காட்டியதைக் கவனித்திருக்கிறேன். கசூலேக்குப் பக்கத்து ஃபிரோந்தோன் ஒயின்தான் சரி என்று அடித்துச் சொல்பவர்களும் இந்த ஊரில் உண்டு. நெக்ரெட் திராட்சை, லேசான ஊதாப்பூ வாசனை. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வாத்துக்கொழுப்பின் முன்னால் கொஞ்சம் பயந்து நிற்கிறது.

கார்பூர் என்ற, கஸ்கோன் வட்டாரத்துச் சூப்பில்தான் பெட்டி தன் முழு மகிமையைக் காட்டியது. முட்டைக்கோஸ், பீன்ஸ், உருளை, வாத்து எல்லாம் போட்டு, கரண்டி நட்டால் நிற்கும் பதத்துக்குக் காய்ச்சுவார்கள். திடமானதைத் தின்றுவிட்டு, கிண்ணத்தின் அடியில் மிஞ்சும் சூடான சாற்றில் ஒரு மடக்கு ரெட் ஒயினை ஊற்றி, கிண்ணத்தைத் தூக்கி அப்படியே குடிப்பது ஊர் வழக்கம், ஷாப்ரோ என்பார்கள். நல்ல பாட்டிலைத் திறந்து சூப்பில் ஊற்ற எனக்கு மனசு வராது. குழாயைத் திறந்து ஒரு சொட்டு விடுவதில் என்ன வருத்தம்? குளிர்கால வெள்ளிக்கிழமை இரவுகளுக்கு இதைவிட மேலான மருந்து எனக்குத் தெரியாது.

ரோக்ஃபோர் பாலாடைக்கட்டியோடு மட்டும் வேண்டாம். அதன் நீலப் பூஞ்சைக் காரமும் உப்பும் சேர்ந்து ஒயினைக் கசப்பாக்கிவிடுகின்றன. அதற்கு இனிப்பு வெள்ளை ஒயின்தான்.

நம் சாப்பாட்டுக்கு வருவோம், தம்பிக்கு உண்மையில் தெரிய வேண்டியது அதுதான். மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்ட ஆட்டுக்கறிக் குழம்போடு காவோர் ஒத்துவரவே இல்லை. ஆல்கஹால் எரிச்சலுக்கு எண்ணெய் வார்க்கிறது, துவர்ப்பு அதை வாயிலேயே தங்கவைக்கிறது, கடைசியில் கறியின் ருசியும் இல்லை, ஒயினின் ருசியும் இல்லை. மிளகாயைப் பாதியாக்கி, தேங்காய்ப்பால் விட்டு, சோம்பும் பட்டையும் முன்னால் நிற்கும்படி வைத்தால் கதையே வேறு. எலும்போடு வெந்த தொடைக்கறிக்கு அந்தக் கறுப்பு ஒயின் பிரமாதம். புளிக்குழம்பு வைத்த இரவு கிளாஸைத் தொடாதீர்கள். புளிப்புச் சாப்பாட்டின் முன்னால் ஒயினின் புளிப்பு அடங்கிப்போய், சப்பென்று ஆகிவிடும்.

மீன் குழம்புக்கு அறவே கூடாது. வாயில் துருப்பிடித்த ஆணி வாடை அடிக்கும். இது என் மூக்கின் கோளாறு என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உலர்ந்த ஸ்காலப் சிப்பியை வைத்துச் சோதித்து, ஒயினில் கரைந்திருக்கும் இரும்புதான் அந்தக் கவிச்சியைக் கிளப்புகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மூக்கு பிழைத்தது.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. "அறை வெப்பநிலையில் பரிமாறவும்" என்பதை நம்பி ஜூலையில் துலூஸ் சமையலறையில் இருந்து நேராகக் குழாயைத் திறந்தால் வருவது இருமல் மருந்து. நான் கோடையில் பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுக்கிறேன். 16 டிகிரி சுமாருக்கு வரும்போது நன்றாக இருக்கிறது. ரொம்பக் குளிர்ந்தால் துவர்ப்பு பல்லைக் காட்டும்.

சரி, இனி கோபம்.

இந்தப் பெட்டிக்குள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். நம் ஊர் கேஸ் சிலிண்டர் போலவேதான்: ஆட்டிப் பார்க்கலாம், தூக்கிப் பார்க்கலாம், "இன்னும் இருக்கு" என்று தைரியம் சொல்லிக்கொள்ளலாம், விருந்தாளி வந்து உட்கார்ந்ததும்தான் தீரும். அட்டையில் விரலகலத்துக்கு ஒரு கீறல் விட்டால் போதாதா? விடமாட்டார்கள். வெளிச்சம் படக்கூடாதாம், பையும் பளபளப்பு பூசியதாம். நியாயம்தான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சந்திரனுக்குப் போன மனிதகுலத்துக்கு இது ஒரு கஷ்டமா?

அதனால் தராசு. காலி அட்டையும் பையும் சேர்த்து என் சமையல் தராசில் 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒயின் ஒரு லிட்டர் ஏறக்குறைய ஒரு கிலோ. தராசு 1,200 கிராம் காட்டினால் உள்ளே ஒரு லிட்டர் சொச்சம். எடையையும் தேதியையும் பென்சிலால் பெட்டியின் பக்கவாட்டில் எழுதிவைக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் இதை மளிகைக்கடைக் கணக்கு என்று கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும். இன்னொரு காரணமும் உண்டு. பாட்டில் கண்ணெதிரே குறைகிறது, கை தானாக நிற்கிறது. பெட்டி அப்படி நிறுத்தாது. குழாயடியில் கிளாஸை நீட்டினால் தாராளமாகவே விழும். என்னுடையது 13 சதவீத ஒயின். 3 லிட்டரில் சுத்த ஆல்கஹால் 300 கிராமைத் தாண்டும். இங்கே ஒரு கிளாஸ் என்று கணக்கிடுவது 10 கிராம், ஆகப் பெட்டிக்கு 31 கிளாஸ். வாரத்துக்கு 10-க்கு மேல் வேண்டாம், நாளைக்கு 2-க்கு மேல் வேண்டாம், குடிக்காத நாட்களும் இருக்கட்டும் என்பது பிரெஞ்சுப் பொதுச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதாவது ஓர் ஆளுக்கு மூன்று வாரம் வர வேண்டிய பெட்டி. பென்சில் குறிப்பு இல்லாவிட்டால் அது எங்கே மூன்று வாரம் வரும்?

குழாயின் நுனியில் ஒட்டும் கடைசிச் சொட்டையும் சொல்ல வேண்டும். துடைக்காவிட்டால் காலையில் பழ ஈக்கள் மாநாடு கூட்டியிருக்கும். மேடை வெள்ளைக் கல் என்றால் ஊதாக் கறை இலவசம். அடியில் கடைசி ஒரு கிளாஸ் தானாக வராது. பெட்டியைக் கிழித்து, பையை உருவி, பசுவிடம் கறப்பதுபோல் பிழிந்தெடுக்க வேண்டும்.

அந்தக் காட்சிதான் ஞாயிற்றுக்கிழமை அரங்கேறியது. வெள்ளிக்கிழமை தராசு 1,500 சொன்னது. நாலு பேர் சாப்பாடு, மாட்டுக்கறியை ஒயினில் ஊறவைத்து மெதுவாக வேகவைத்த டோப், ஆரஞ்சுத் தோலும் கேரட்டும் போட்டு. சனிக்கிழமை இரவு ஊறலுக்கு முக்கால் லிட்டர் போயிருக்கிறது, பென்சில் கணக்கில் ஏறவில்லை. யார் ஏற்றவில்லை என்பது குடும்ப விவகாரம், இங்கே வேண்டாம். மேசையில் ஆளுக்கு ஒரு கிளாஸ் வந்ததும் குழாய் மூச்சு வாங்கியது. கறியோ ஒயினுக்காகவே பிறந்த கறி. விருந்தினர் முன்னால் நான் பையை உருவி அக்குளில் இடுக்கிப் பிழிந்தேன். ஞாயிறு சாயங்காலம் எங்கள் பக்கத்தில் கடை ஏது? மிச்ச டோப்பைத் தண்ணீரோடு தின்றோம்.

இனி தீர்ப்பு. ருசிக்கும் விலைக்கும் நாலரை நட்சத்திரம் தர வேண்டும், தெரியும். கசூலே இரவுகளை நினைத்தால் ஐந்தேகூட. ஆனால் நான் தருவது இரண்டு. இந்த மாதம் பாட்டில்தான் வாங்கப்போகிறேன், தம்பியும் பாட்டிலே வாங்கட்டும். நாலாம் நாள் கெட்டுப்போனாலும், கெட்டது எவ்வளவு என்றாவது கண்ணுக்குத் தெரியும். டிசம்பரில் பீன்ஸை ஊறப்போடும்போது கேட்டால் வேறு பதில் சொல்வேனோ என்னவோ.

தம்பி பிடிவாதமாக வாங்குவார் என்று தெரியும், ஆகவே இது அவருக்கு. பெட்டியில் நிரப்பிய தேதி அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பை வழியாகவும் குழாய் வழியாகவும் காற்று துளித்துளியாகக் கசியத்தான் செய்யும். பாட்டில் மாதிரி வருடக்கணக்கில் வைத்திருக்கும் சரக்கு இல்லை இது, புதிதாக நிரப்பியதை எடுங்கள். கூட்டுறவில் இப்போது 5 லிட்டர் பெட்டிக்கு விலை குறைத்திருக்கிறார்கள், நீங்கள் கேட்டதற்கே அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தனி ஆளுக்கு அது வேண்டாம். 51 கிளாஸ், அளவோடு குடித்தால் ஐந்து வாரம் ஓடும், கடைசி இரண்டு வாரம் மங்கிய ஒயினைக் குடிப்பீர்கள். 3 லிட்டரே எடுங்கள்.