தாத்தா வாட்சுக்கு சோப்புத் தண்ணீரா, டூத்பேஸ்ட்டா?

கும்பகோணம் வீட்டு பீரோவில் கிடந்த எச்.எம்.டி. வாட்ச். எத்தனை சித்திரை வியர்வையோ, ஸ்டீல் செயின் இடுக்கெல்லாம் கறுப்பு.

செலவு: இரண்டும் வீட்டிலேயே இருப்பவை.

அழுக்கு: செயினைத் தனியாகக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, குழந்தைகள் பிரஷால் தேய்த்தேன். தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது! பேஸ்ட்டோ இடுக்கில் வெள்ளையாகக் காய்ந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆபத்து: பேஸ்ட்டில் உராய்வுத் துகள் உண்டு, ஸ்டீலின் பழைய மெருகைத் தேய்த்துவிடும். சோப்புத் தண்ணீர் கேஸுக்குள் (மெஷின் இருக்கும் கூடு) இறங்கினால் மெஷின் துருப்பிடிக்கும். தண்ணீர் புகாமல் தடுக்கும் பழைய ரப்பர் வளையத்தை நம்பவே கூடாது. கேஸுக்கு, நன்றாகப் பிழிந்த ஈரத்துணி போதும்.

அப்போ செயினுக்கு சோப்பு. டயல் மேலுள்ள அக்ரிலிக் (பிளாஸ்டிக்) கண்ணாடியில் மெல்லிய கீறல் இருந்தால் மட்டும், பருத்தித் துணியில் துளி பேஸ்ட்.