‘கேஸ் இறங்கிப்போச்சு’ என்றால் முதலில் தராசைக் கேளுங்கள்

பர்மாவில் மாந்தலை, மகுவே, மெய்த்திலா பக்கம் இருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறோம். ரங்கூன்காரர்களுக்கும் பயன்படும். அங்கே கணக்கு கொஞ்சம் மாறும், அதைக் கீழே சொல்கிறோம்.

ஏப்ரலில் ஏசி குளிரவில்லை என்று கூப்பிட்டால், வருகிற சயா (மெக்கானிக்) மூடியைக் கழற்றும் முன்பே “கேஸ் இறங்கிப்போச்சு அக்கா, போடணும்” என்கிறார். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் காட்டாமல் கேஸை மட்டும் போடுகிறவர், ஒன்று வேண்டாத கேஸை உங்கள் தலையில் கட்டுகிறார், இல்லையென்றால் அடுத்த மாதமும் உங்களைக் கூப்பிட வைக்கிறார்.

மாந்தலையில் ஒரு மாடி வீட்டில் நடந்ததைப் பாருங்கள். 12க்கு 14 அடி அறை, மேலே தகரம், 1.5 எச்.பி. (குதிரைத் திறன்) மெஷின், ஆர்32 என்ற வகைக் கேஸ். மதியம் 2 மணிக்கு அறை 31 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. சயா கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜை மாட்டினார். முள் 95 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு). “120 இருக்கணும், பாருங்க” என்று வீட்டுக்காரருக்கே காட்டி, சிலிண்டரைத் திறந்து முள் 120க்கு ஏறும்வரை விட்டார். தராசு இல்லை. அரைக் கிலோ என்று பணம் வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் அறை நன்றாகக் குளிர்ந்தது. வெளியே வெயில் இறங்கியதால் குளிர்ந்தது, பெயர் கேஸுக்குப் போய்விட்டது. மறுநாள் மதியம் வெளியே வைத்திருக்கும் பெட்டியான அவுட்டோர் கால் மணிக்கு ஒரு தடவை நின்று நின்று ஓடியது. இரண்டாவதாக வந்தவர் கம்ப்ரஸர் (கேஸை அழுத்திச் சுற்றவிடும் மோட்டார்) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்.

மூன்றாவதாக வந்தவர் அறைக்குள் இருக்கும் பெட்டியான இன்டோரின் மூடியைத் தூக்கினார். ஃபில்டரில் தூசு கம்பளம் மாதிரி படிந்திருந்தது, உருட்டி எடுக்க வந்தது. கழுவி மாட்டியதும் கேஜ் 150ஐத் தாண்டியது. கேஸை முழுவதும் சிலிண்டரில் இறக்கி நிறுத்துப் பார்த்தால் 960 கிராம். அவுட்டோர் பக்கத்தில் ஒட்டியிருந்த தகட்டில் போட்டிருந்த அளவு 620. அதாவது மெஷினில் கேஸ் முதலிலிருந்தே சரியாக இருந்திருக்கிறது. அரைக் கிலோவுக்குப் பணம் வாங்கியவர் போட்டது 340 கிராம், அந்த 340ம் வேண்டாதது.

அந்த 95 எங்கிருந்து வந்தது? கேஜைப் படிக்கத் தெரிந்தவரே இந்த இடத்தில் ஏமாறுவார். ஃபில்டர் அடைத்தால் இன்டோர் காயில் (கேஸ் ஓடும் வளைந்த குழாய்த் தொகுதி) மேல் காற்று போகாது. காயிலுக்குச் சூடு கிடைக்காததால் உள்ளே கேஸ் சரியாக ஆவியாகாது, கம்ப்ரஸர் கேஸை உறிஞ்சும் பக்கத்து அழுத்தம், அதாவது கேஜ் காட்டும் அழுத்தம், இறங்கும். கேஸ் குறைந்தாலும் முள் இறங்கும், காற்று குறைந்தாலும் இறங்கும். முள்ளை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஃபில்டரைக் கழுவாமல் கேஜ் மாட்டுகிறவரை அங்கேயே நிறுத்துங்கள்.

கூடுதல் கேஸ் இந்த வெயிலில் என்ன செய்யும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அவுட்டோர் காயிலில் கேஸ் திரவமாக மாற இடம் வேண்டும். அளவுக்கு மேல் போட்டால் அந்த இடத்தைத் திரவமே அடைத்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும். வெளியே 35 டிகிரி என்றால் எப்படியோ ஓட்டிவிடும். 43ல் கம்ப்ரஸர் சூடேறி, ஓவர்லோட் என்ற பாதுகாப்பு சுவிட்ச் கரண்டைத் துண்டித்துவிடும். ஆறினால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். ‘கம்ப்ரஸர் போச்சு’ என்று சொல்லப்படும் பாதிக் கதை இதுதான்.

கேஜுக்கு முன்பு நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. தெர்மாமீட்டர் இரண்டு போதும். ஃபில்டரைக் கழுவி மாட்டுங்கள், ஃபேனை ‘ஹை’யில் வைத்து 15 நிமிஷம் ஓட விடுங்கள். இன்டோருக்குள் காற்று நுழையும் மேல் பக்கம் ஒன்று, வெளியே வரும் வாயில் ஒன்று. வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் மெஷின் தன் வேலையைச் செய்கிறது. மாந்தலை மாதிரி வறண்ட ஊரில் 12ஐ ஒட்டி வரும். ரங்கூனில் 8, 9 வந்தாலே நல்லது, ஏனென்றால் அங்கே மெஷினின் சக்தியில் ஒரு பங்கு காற்றின் ஈரத்தைத் தண்ணீராக்கி இறக்குவதற்கே போய்விடும். வித்தியாசம் சரியாக இருந்தும் அறை சூடாக இருந்தால் குறை மெஷினில் இல்லை. கூரையிலும் சுவரிலும் இருக்கிறது.

பனியையும் பாருங்கள். அவுட்டோரில் மெல்லிய குழாய் சேரும் வால்வில் பனி பிடித்தால் கேஸ் குறைவு என்று சந்தேகப்படலாம். இன்டோர் காயில் முழுவதும் பனிக்கட்டியாக இருந்தால் முதல் சந்தேகம் காற்றின் மேல்.

நம்ம வறண்ட வட்டாரத்தைப் பாலைவனம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் 2024 ஏப்ரல் 28 அன்று மகுவேயைச் சேர்ந்த சௌக்கில் 48.2 டிகிரி பதிவானது. 1.5 எச்.பி. மெஷினின் பெட்டியில் குளிரூட்டும் சக்தி என்று போட்டிருக்கும் 12,000 பி.டி.யு. என்பதோ வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்த கணக்கு. டி1 என்று குறிப்பது இதைத்தான். டி3 என்றால் 46 டிகிரியில் அளந்தது, வளைகுடா நாடுகளில் கேட்டு வாங்குவது அந்த வகை. டி1 மெஷின்கள் பலவற்றில் வெளிச் சூட்டுக்கு 43 டிகிரிதான் எல்லை என்று கையேட்டிலேயே போட்டிருக்கும். அதற்கு மேல் குளிர்ச்சி குறைவது பழுது அல்ல. கடையில் “1.5 எச்.பி., எல்லா வெயிலும் தாங்கும்” என்று சொன்னால், தகட்டில் டி1ஆ டி3ஆ என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். தகரக் கூரைக்குக் கீழே, மேற்குச் சுவர் உள்ள அறைக்கு 1.5க்குப் பதில் 2 எச்.பி. கேட்கும். அதைவிட முதலில் தகரத்துக்குக் கீழே ஃபாயில் ஒட்டிய ஃபோம் அடித்து, சீலிங் போடுவது லாபம். ரிமோட்டில் 16 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பதும் வீண் நம்பிக்கை. வெளியே 44 இருக்கும்போது உள்ளே 27 வந்தால் அது நல்ல மெஷின்.

அவுட்டோரைச் சுவர் இடுக்கில் வைத்து, திருட்டுக்குப் பயந்து கம்பிக் கூண்டு போட்டு, அதன் மேல் துணியும் காயப் போட்டிருப்பார்கள். பின்னால் ஓர் அடியாவது, முன்னால் இரண்டு அடிக்குக் குறையாமல் காலியாக இருக்க வேண்டும். காயிலில் படிந்த மண்ணை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சாதாரண குழாய்த் தண்ணீரால் கழுவினால் போதும். பிரஷர் வாஷரை நேராகப் பிடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கிப்போகும்.

கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் வேலை இந்த வரிசையில் நடக்க வேண்டும். குழாய்களை இணைக்கும் ஃபிளேர் நட்டுகள் நான்கிலும், இன்டோரில் இரண்டு அவுட்டோரில் இரண்டு, சோப்பு நுரை வைத்துப் பார்ப்பது. எண்ணெய்க் கறை இருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் கசியும். ஓட்டையை அடைத்த பிறகு நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்ப்பது. வெல்டிங் கடை ஆக்ஸிஜன் சிலிண்டரோடு வந்தால் வீட்டுக்குள் விடாதீர்கள், கம்ப்ரஸர் எண்ணெயும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். அதன் பிறகு குழாயிலிருந்து காற்றையும் ஈரத்தையும் இழுக்கும் வாக்குவம் பம்ப், அதன் மீட்டர் 500 மைக்ரானுக்குக் (வெற்றிட அளவு) கீழே இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். சிலர் பம்ப் கொண்டுவருவதே இல்லை, கொஞ்சம் கேஸை ‘புஸ்’ என்று ஊதிவிட்டுக் காற்று போய்விட்டது என்பார்கள். உள்ளே தங்கிய காற்றும் ஈரமும் அழுத்தத்தை ஏற்றும், எண்ணெயைக் கெடுக்கும். கடைசியில்தான் கேஸ். சிலிண்டர் தராசு மேல் உட்கார வேண்டும், தகட்டில் உள்ள கிராம் அளவு இறங்க வேண்டும். தகட்டு அளவு வழக்கமாக 5 அல்லது 7.5 மீட்டர் குழாய்க்கானது. அதற்கு மேல் நீளம் இருந்தால் மட்டும் மீட்டருக்கு எத்தனை கிராம் கூட்டுவது என்று கையேட்டில் இருக்கும்.

மெஷின் நிற்கும்போது கேஜ் காட்டுவதை நம்பவே வேண்டாம். 40 டிகிரி வெயிலில் நின்றிருக்கும் ஆர்32 மெஷின் 340 பி.எஸ்.ஐ. பக்கம் காட்டும். உள்ளே 300 கிராம் இருந்தாலும் அதேதான், 600 இருந்தாலும் அதேதான். அதைக் காட்டி “கேஸ் ஜாஸ்தி, இறக்கணும்” என்று பிடுங்குகிறவர்களும் உண்டு.

சிலிண்டரில் இருப்பது எது என்பது இன்னொரு தலைவலி. ஆர்22 என்ற பழைய வகைக் கேஸில் ஓடும் மெஷினில் விலை மலிவு என்று சமையல் கேஸ் இனத்தைச் சேர்ந்த கலவையை அடைத்துவிட்டுப் போகிறார்கள். கசிந்தால் ஒரு தீப்பொறி போதும். 2011ல் கப்பல்களின் குளிர்சாதனக் கண்டெய்னர்கள் வெடித்து ஆட்கள் இறந்தது, மீதைல் குளோரைடு கலந்த போலி கேஸால். அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டதும் தானே தீப்பிடிக்கும் பொருளாக மாறும். சீல் உடையாத சிலிண்டரை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்.

கம்ப்ரஸர் மாற்றணும் என்று சொன்னால் கம்ப்ரஸர் கிளம்ப உதவும் கப்பாசிட்டரை அளந்தீர்களா என்று கேளுங்கள். அதன் மேல் 35 மைக்ரோஃபாரட் என்று போட்டிருந்து மீட்டரில் 27 வந்தால், கம்ப்ரஸர் உறுமிவிட்டு நின்றுவிடும். சின்னப் பொருள், பத்து நிமிஷ வேலை. அளக்கும் முன் அதன் சார்ஜை இறக்க வேண்டும், நீங்களே கை வைக்காதீர்கள். வோல்ட்டேஜையும் மெஷின் ஓடும்போது அளக்கச் சொல்லுங்கள். 230 வர வேண்டிய இடத்தில் 170 வந்தால் எந்தக் கம்ப்ரஸரும் திணறும். 1.5 எச்.பி.க்கு 3 கே.வி.ஏ.வுக்குக் குறையாத ஸ்டெபிலைசர், மீ பியத் (மின்வெட்டு) ஆகிக் கரண்ட் திரும்பியதும் 3 நிமிஷம் பொறுத்து விடும் டைமர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே அளவுள்ள இரண்டைக் கையில் தூக்கிப் பார்த்தால் செம்புச் சுற்று எது, அலுமினியச் சுற்று எது என்று எடையே சொல்லிவிடும்.

வேலை முடிந்ததும், பணம் கொடுக்கும் முன், தேதி, கேஸ் பெயர், போட்ட கிராம், ஓடும்போது எடுத்த ஆம்பியர், நான்கையும் மார்க்கர் பேனாவால் அவுட்டோர் மூடியின் உள்பக்கம் எழுத வையுங்கள். வெளிப்பக்கம் எழுதினால் அடுத்த வெயிலுக்குள் அழிந்துவிடும்.